மோரிஸ் மைனருக்குள்ள சுபாரு ஃபிளாட் ஃபோர் இஞ்சின்: மலேசியா, சுங்கை சிப்புட்லேருந்து

தைப்பிங் அண்ணன் ஒருத்தர் கேட்டது:
"மோரிஸ்ல ஜப்பான் இஞ்சின் ஏத்திட்டா அப்பறம் அது மோரிஸே இல்ல, கூடு மட்டும்தான் மோரிஸ். டட்சன் போடறவங்களையாவது புரிஞ்சிக்கலாம், சுபாரு எதுக்கு? படுத்துக் கெடக்கற இஞ்சின், அந்தக் காடிக்குள்ள ஏறவும் ஏறாது. யாராச்சும் செஞ்சிருக்கீங்களா, இல்ல சும்மா பேச்சா?"

12 பிப்ரவரி 2023

செஞ்சிக்கிட்டு இருக்கேன். காடி (கார்) 1964 மைனர் 1000, இங்கிலாந்து மோரிஸ் கம்பெனியோட சின்னக் காடி, நாலு கதவு, 1098 சிசி. பழைய இஞ்சின் வெளிய எடுத்தாச்சு, வீட்டுக்குப் பின்னால சிங்க் கொட்டாய்ல ரெண்டு டயர் மேல உக்காந்திருக்கு. மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் செத்துப்போச்சு, பின்பக்கம் எண்ண ஒழுகி கிளட்ச் வரைக்கும் நனைஞ்சி கெடந்துச்சு.

ஏறாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு மட்டும் மொதல்ல பதில். மைனர் பானட்ட தொறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், அதோட சொந்த இஞ்சின் ஏ-சீரிஸ் நடுவுல ஒல்லியா நிக்கும், ரெண்டு பக்கமும் ஆள் கால விட்டு நின்னு வேலை செய்யற அளவுக்கு எடம் சும்மா கெடக்கும். அந்த எடம் தானா வரல. அலெக் இசிகோனிஸ் யுத்த காலத்துல இந்தக் காடிய 'மஸ்கிட்டோ'ன்னு பேர் வச்சு வரைஞ்சப்ப அவர் உள்ள வைக்க நெனச்சதே ஃபிளாட் ஃபோர்தான் (பக்கத்துக்கு ரெண்டா நாலு சிலிண்டர் படுத்துக் கெடக்கற இஞ்சின்), ஊருக்குள்ள ஓட்ட 800 சிசி, வெளிநாட்டுக்கு அனுப்ப 1100 சிசின்னு ரெண்டு சைஸ். அப்பறம் செலவு கணக்கெல்லாம் பாத்துட்டு அத கைவிட்டுட்டாங்க, மோரிஸ் எய்ட்டுங்கற பழைய காடில ஓடிக்கிட்டிருந்த 918 சிசி சைடு வால்வு இஞ்சின தூக்கி உள்ள வச்சு 1948 அக்டோபர்ல லண்டன் கண்காட்சில காட்டுனாங்க. அதனால அந்த பானட் அகலமே படுக்கை இஞ்சினுக்கு விட்ட எடம்தான். நான் அந்நிய இஞ்சின் எதையும் திணிக்கல, வராமப் போன இஞ்சினத்தான் கொண்டாறேன்.

13 பிப்ரவரி 2023

நேத்து எழுதுனதுல ஒண்ணு தப்பு, திருத்திடறேன். பானட் அகலத்தையும் படுக்கை இஞ்சினையும் சேத்துக் குழப்பிட்டேன். காடிய அகலமாக்குனது வேற கதை. மாதிரி காடி ஒண்ணு ஒல்லியா நிக்கிதேன்னு இசிகோனிசுக்குப் புடிக்கல, நீளவாக்குல ரெண்டா அறுத்து, தள்ளித் தள்ளிப் பாத்து, நாலு இஞ்ச் கூட்டுனா கண்ணுக்கு சரியா இருக்குன்னு முடிவு பண்ணாரு. பானட்டுக்கு நடுவுல ஒரு தட்டையான பட்டை ஓடுதே அது அந்த நாலு இஞ்ச்தான். அப்ப பம்பர் ஏற்கனவே அடிச்சு வச்சிட்டாங்க, அதனால ஆரம்ப காடிங்கள்ல பம்பர நடுவுல வெட்டி நாலு இஞ்ச் தகடு ஒட்டு போட்டிருப்பாங்க. இஞ்சின் எடம் பெருசா இருக்கறதுக்குக் காரணம் படுக்கை இஞ்சின் திட்டம், அது அப்படியே நிக்கிது. ஆனா அந்த நாலு இஞ்ச் அழகுக்குப் போட்டது.

19 பிப்ரவரி 2023

எந்த சுபாருன்னு கம்பார்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஈஏ71, 1595 சிசி, பழைய சுபாரு லியோனியோட ஹாஃப்கட்லேருந்து (பாதியா வெட்டிக் கொண்டாந்த காடி) எடுத்தது. புஷ்ராடு இஞ்சின், கேம்ஷாஃப்ட்ட கியர்தான் சுத்துது, டைமிங் பெல்ட்னு ஒண்ணு கெடையாது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். பொத்தோங் கடைல (இப்படி வெட்டுன காடி சாமான் விக்கற கடை) இந்த இஞ்சின் பக்கத்துலயே ஈஏ81 ஒண்ணும் கெடந்துச்சு, 1781 சிசி, பாக்க சுத்தமாவும் இருந்துச்சு, கடைக்கார தவுக்கே ரெண்டுக்கும் ஒரே வெலைதான் சொன்னாரு. அப்பறம் ஏன் சின்னத எடுத்தேன்னா ரோட் டேக்ஸ். 1401லேருந்து 1600 சிசி வரைக்கும் வருசத்துக்கு 90 வெள்ளி (ரிங்கிட்). 1600 தாண்டுனா அடிப்படையே 200 வெள்ளி, அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 1781க்கு போட்டுப் பாருங்க, 272 வெள்ளி 40 காசு வருது. 186 சிசிக்கு வருசம் வருசம் 182 வெள்ளி கூடக் கட்டணுமா?

வரி எப்படி இஞ்சினோட உருவத்தையே மாத்துதுன்னு அன்னிக்கி ராத்திரி ரொம்ப நேரம் கணக்கு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். 918 சிசி மோரிஸ் இஞ்சினோட போர் (சிலிண்டர் விட்டம்) 57 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்ட்டு வர்ற நீளம்) 90 மில்லி. பென்சில் மாதிரி. ஏன்னா அந்தக் காலத்து இங்கிலாந்துல காடி வரிய பிஸ்டன் விட்டத்த வச்சுதான் போட்டாங்க, ஸ்ட்ரோக் எவ்ளோ நீளம்னு யாரும் கேக்கல. விட்டத்த இஞ்ச்ல எடுத்து அதால அதையே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கி, 2.5 ஆல வகுக்கணும். 57 மில்லிக்கு வரிக் கணக்குல 8 குதிரைசக்தி வருது, மோரிஸ் எய்ட்டுங்கற பேரே அங்கேருந்து வந்ததுதான். இப்ப என் சுபாருவ பாருங்க, போர் 92 மில்லி, ஸ்ட்ரோக் வெறும் 60. சட்டிப் பானை மாதிரி அகலம். அதே கணக்குல போட்டா 21 குதிரை வருது, அந்த நாட்டுல அந்த நாள்ல இத வச்சிருக்கறவன் வரிலயே அழிஞ்சிருப்பான். 1948ல அங்க எல்லா புதுக் காடிக்கும் ஒரே வரி, 10 பவுண்டுன்னு ஆக்கிட்டாங்க. மைனர் வெளிய வந்த வருசமும் அதே வருசம். இங்க நம்ம நாட்டுல சிசி கணக்கு, அதனால நானும் வரிக்கு பயந்துதான் இஞ்சின் தேடிருக்கேன். எழுவத்தஞ்சு வருசம் கழிச்சு அதே காடிக்கு.

5 மார்ச் 2023

இஞ்சின் பேச்சுக்கு முன்னால ட்ரன்னியன் பேச்சு பேசணும். மைனர் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. முன் சக்கரத்த தாங்குற கீழ் ட்ரன்னியன் மரையில சுத்துது, அதுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கணும். அடிக்காம விட்டா மரை தேஞ்சு ஒருநாள் அப்படியே கழண்டு சக்கரம் மடங்கிப் படுத்துக்கும், பெரும்பாலும் மெதுவா திருப்பறப்பதான் நடக்கும்ங்கறதால உயிர் தப்புது. என் காடில எடது பக்கம் கைய வச்சு ஆட்டுனா கடகடன்னு ஆடுது. இதோட 1595 சிசி போட்டு ஈப்போ ரோட்டுக்கு எறங்கறேன்னு சொல்றவன் கூட நான் ஏற மாட்டேன். ரெண்டு பக்கமும் புதுசு போட்டேன், முன்னால டிஸ்க் பிரேக்கும் மாட்டிட்டேன். இஞ்சினுக்கு ஆன செலவ விட இதுக்குத்தான் கூட ஆச்சு.

காடி யாரோடதுன்னு கேட்டாங்க. லிந்தாங் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துல டிரஸ்ஸரா இருந்தவரோட காடி. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவருதான் எல்லாம், கம்பத்துல (கிராமத்துல) புள்ளத்தாச்சி வலி எடுத்தா இதுல ஏத்திக்கிட்டு பட்டணத்துக்குப் போவாரு. எங்க அம்மா என் அக்காவ சுமந்தப்ப இந்தக் காடிலதான் போயிருக்காங்க, பின் சீட்டுல. அப்பா பால்மரம் வெட்டிட்டு வந்த ஈரச் சட்டையோட முன்னால உக்காந்திருந்தாராம். டிரஸ்ஸர் தவறி பல வருசம் காடி செம்பனைக் காட்டு ஓரத்துல ஒரு கொட்டாய்ல கெடந்துச்சு, அவர் மகன்கிட்ட நான் வாங்குனேன்.

26 மார்ச் 2023

காலி பிளாக்க கயித்துல கட்டி எறக்கிப் பாத்தேன். கிராங்க், ஹெட் எதுவும் இல்லாம வெறும் கூடு, ரெண்டு ஆளு தூக்கிறலாம். அகலத்துல விங்கு பக்கமெல்லாம் தாராளம். நீளத்துலயும் பிரச்சன இல்ல, ஃபிளாட் ஃபோர் நீளத்துல கட்டை, ரேடியேட்டர் அதோட எடத்துலயே இருக்கலாம். பிரச்சன கீழ. மைனருக்கு முன்னால ரெண்டு சேசிஸ் கால் நீட்டிக்கிட்டு வருது, ஏ-சீரிஸ் அதுக்கு நடுவுல எறங்கி உக்காரும். சுபாருவோட ரெண்டு ஹெட்டும் இந்தக் கால் மேலயே வந்து நிக்கிது. எக்ஸாஸ்ட்டும் ஹெட்டுக்கு அடியிலதான் வெளிய வருது, பக்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டை, அதுக்கு நேர் கீழ இரும்பு.

கூட வந்த போமன் (மெக்கானிக்), நல்ல கைக்காரரு, "காலுல அர வட்டமா வெட்டிட்டு தகடு வச்சு வெல்டிங் அடிச்சிருவோம் அண்ணே, ஒரு நாள் வேலை" அப்டின்னாரு. கிரைண்டர் கைல எடுத்துட்டாரு. நான் டீ குடிச்சிட்டு வருவோம்னு கூட்டிட்டுப் போயிட்டேன்.

27 மார்ச் 2023

வெட்டல. ராத்திரி பூரா யோசிச்சுதான் சொல்றேன். பழைய இஞ்சின் கொட்டாய்ல இருக்கு, நாளைக்கு எனக்கோ எனக்கு அப்பறம் எடுக்கறவனுக்கோ அத திரும்ப உள்ள வைக்கணும்னு தோணுனா போல்ட்ட கழட்டி மாட்டணும், அவ்ளோதான் வேலை இருக்கணும். சேசிஸ்ல ஒரு தடவ வட்டம் வெட்டிட்டா அது திரும்பாது. இஞ்சின மேல தூக்கறேன். ஹெட்டு காலுக்கு மேல நிக்கட்டும், எக்ஸாஸ்ட் வளைஞ்சு உள்பக்கமா எறங்கட்டும். இந்தக் காடி பானட் உயரம், படுத்த இஞ்சின் தட்டை, கார்புரேட்டர் மேல உக்காந்தும் எடம் இருக்கு, ஏர் கிளீனர் சட்டி மட்டும் தட்டையா வேற செய்யணும்.

15 ஏப்ரல் 2023

நேத்து புத்தாண்டு, கோயிலுக்குப் போய்ட்டு வந்து படுத்தாச்சு. இன்னிக்கி குளுவாங் அண்ணன் கேட்டதுக்கு நிதானமா பதில்.

"டட்சன் ஏ12 இல்லன்னா டொயோட்டா 4கே போட்டா ரெண்டு நாள்ல ஓடுமே, ஏன் இவ்ளோ கஷ்டம்" அப்டிங்கறாரு. உண்மைதான். ஏ12 நல்ல இஞ்சின், 1171 சிசி, அலுமினியம் ஹெட், அஞ்சு மெயின் பேரிங். மோரிஸ் ஏ-சீரிசுக்கு மூணுதான். மோரிஸ் இஞ்சின்ல நாலு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு காத்து வழி, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ஒரே வழிய பங்கு போட்டுக்கணும், டட்சன்ல ஒவ்வொண்ணுக்கும் தனி. நிசான் 1950கள்ல ஆஸ்டின் காடிங்கள லைசன்ஸ் வாங்கி ஜப்பான்ல செஞ்சவங்க, அங்க கத்துக்கிட்ட பாடம் அதுல தெரியுது. வேலைக்கு ஓட்டற காடின்னா நானும் அதத்தான் சொல்லுவேன், வேற எதுவும் தேடாதீங்க.

இங்கிலீஷ்காரன் இஞ்சினே வேணும்னா இன்னொரு வழி இருக்கு, யாரும் பேசறதில்ல. உல்ஸ்லி 1500. 1957ல வந்த காடி, மைனரோட தரையையும் டார்ஷன் பார் சஸ்பென்ஷனையும் எடுத்து மேல வேற உடம்பு கட்டுனது, உள்ள பி-சீரிஸ் 1489 சிசி. மைனருக்குப் பதிலா கொண்டாரணும்னு ஆரம்பிச்ச வண்டி அது, மைனர் சாகாம விக்கவும் இது தனியா போச்சு. அதனால அந்த இஞ்சின் மைனருக்கு சொந்தக்காரன் மாதிரிதான். ஆனா முழு இரும்பு, மூக்கு கனக்கும், இங்க ஒண்ணு கெடைக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்.

நான் ஏன் சுபாரு? மத்த ரெண்டும் மாத்துனா காடி நல்லா ஓடும். இது மாத்துனா காடியோட மனசுல இருந்த ஒண்ணு வெளிய வரும்னு நம்பறேன். இத விட சரியா சொல்லத் தெரியல.

7 மே 2023

கியர்பாக்ஸ். சுபாரு முன் சக்கர வண்டி, இஞ்சினும் கியரும் டிஃபும் (டிஃபரென்ஷியல்) ஒரே மூட்டையா வரும், அது பின் சக்கர மைனருக்கு ஆகாது. மோரிஸ் கியர்பாக்ஸ் இந்த சக்திய தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அதனால டொயோட்டா கே50, அஞ்சு கியர், கேஇ70 கொரோல்லாவுல வந்தது. நடுவுல ரெண்டையும் சேக்கற அடாப்டர் பிளேட், ஈப்போல ஒரு லேத்து கடைல அலுமினியத்துல கடைஞ்சு வாங்குனேன். கிளட்ச் பிளேட்டுக்கு வெளிவட்டம் சுபாரு, நடு ஸ்பிளைன் டொயோட்டா, ரெண்டையும் சேத்து ரிவெட் அடிச்சது.

28 மே 2023

ஓடிருச்சு!!

ஆனா அதுக்கு முன்னால ஒரு ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சு. மைனர் பாசிட்டிவ் எர்த் காடி, பேட்டரியோட பிளஸ்தான் உடம்புல மாட்டியிருக்கும், டைனமோ காலத்து வழக்கம். சுபாரு ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த். எல்லாத்தையும் மாத்துனேன், காயில் வயர் மாத்துனேன், அம்மீட்டர் மாத்துனேன், கடைசில பேட்டரி ஒயர மட்டும் அறுவது வருச பழக்கத்துல போமன் பழையபடி மாட்டிட்டாரு, நானும் பாக்கல. 'டப்'னு ஒரு சத்தம், டயோடு போச்சு. பாசிட்டிவ் எர்த்லேருந்து மாத்தறவங்க பேட்டரி முனைக்கே வேற சைஸ் கிளிப் போடுங்க, தப்பா மாட்ட முடியாத மாதிரி.

சத்தத்த எழுத்துல சொல்ல முடியல. கம்பத்து புள்ளைங்க வந்து நின்னுட்டாங்க, ஒரு பொடியன் "அங்கிள் தவக்கள மாதிரி கத்துது" அப்டின்னான், எல்லாரும் சிரிச்சோம், அந்தப் பேரே இப்ப காடிக்கு நின்னுருச்சு.

18 ஜூன் 2023

அவசரம். என்ன மாதிரி யாராச்சும் செய்யறீங்கன்னா இத படிச்சிட்டு செய்யுங்க.

லிந்தாங் ரோட்டுல மத்தியானம் ஓட்டிட்டு வரேன், முன்னால செம்பனைக் கொலை ஏத்துன லாரி, பிரேக்க மிதிச்சா மெத்தைல கால வச்ச மாதிரி உள்ள போவுது. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணி, கியர எறக்கி, ஓரத்துப் புல்லுல விட்டு நிறுத்துனேன். டிஸ்க்குல தப்பில்ல, ஒழுகவும் இல்ல. அரை மணி ஆறவிட்டா பெடல் திரும்ப கெட்டியாயிருச்சு.

காரணம் இதான். மைனர்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் நம்ம காலுக்குக் கீழ, சேசிஸ் காலுக்கு உள்ளயே வச்சிருக்காங்க. நமக்கு ஸ்டீரிங் வலது பக்கம், சிலிண்டரும் வலது பக்கம். பழைய ஏ-சீரிஸ்ல எக்ஸாஸ்ட் எடது பக்கமா எறங்கறதால சிலிண்டருக்கு சூடே தெரியாது. ஃபிளாட் ஃபோருக்கு ரெண்டு பக்கமும் எக்ஸாஸ்ட். நான் வலது குழாய அந்த கால ஒட்டி நேரா பின்னால ஓட விட்டிருந்தேன். பிரேக் எண்ண கொதிச்சிருச்சு. எண்ணெய்ல ஆவி வந்துட்டா பெடல் அந்த ஆவியத்தான் அமுக்கும், சக்கரத்துக்கு அமுக்கம் போகாது.

25 ஜூன் 2023

வலது குழாய இஞ்சினுக்கு முன்பக்கமா திருப்பி, சம்ப்புக்கு அடியில எடது பக்கம் கொண்டுபோய் எடது குழாயோட சேத்தாச்சு. சிலிண்டருக்கும் தகடு மறைப்பு. புது பிரேக் எண்ண. மத்தியான வெயில்ல ஈப்போ போய்ட்டு வந்தேன், பெடல் கல்லு மாதிரி நிக்கிது.

இதுல ஒண்ணு எதிர்பாக்காம நடந்துச்சு, சத்தம் மாறிப்போச்சு. முன்ன ரெண்டு குழாயும் தனித்தனியா பின்னால போச்சு, பட்டபட்டன்னு கேட்டுது. இப்ப வலது குழாய் ரொம்ப நீளம், எடது கட்டை. இந்த இஞ்சின்ல வெடிக்கற வரிசை 1-3-2-4. ஒண்ணும் மூணும் வலது பக்கம், ரெண்டும் நாலும் எடது. அப்ப வலது வலது, எடது எடதுன்னு வெடிக்குது. குழாய் நீளம் ஒண்ணா இல்லாதப்ப அந்த துடிப்பு சேர்ற எடத்துல முன்னபின்ன வந்து சேருது, அதான் அந்த தடதட உறுமல். சுபாரு சத்தம்னு ஊர்ல எல்லாரும் சொல்றது இதத்தான். நான் பிரேக்குக்காக செஞ்சது, உறுமல் தானா வந்துச்சு.

16 ஜூலை 2023

7 மே குறிப்புல அடாப்டர் பிளேட்ட மூணு வரில முடிச்சிட்டேன். அத இப்ப திரும்ப எழுதணும்.

ரெண்டு வாரமா கிளட்ச் மிதிச்சா ஒரு அழுகுரல். மொதல்ல ரிலீஸ் பேரிங்னு நெனச்சு மாத்துனேன், நிக்கல. எங்க மாமாவ கூட்டிட்டு வந்தேன். தோட்டத்து பேக்டரில இஞ்சின் டிரைவரா முப்பது வருசம் இருந்தவரு, ரப்பர் ஷீட் உருளை ஓட்டற டீசல் இஞ்சின் எல்லாம் அவர் கைல வளந்தது. வந்தாரு, காதே வைக்கல. "பிளேட்ட கழட்டு, டயல் கேஜ் இருக்கா?" அவ்ளோதான் கேட்டாரு.

கியர்பாக்ஸ எறக்குனோம். கிராங்க் முனைல டயல் கேஜ (ஊசி வச்ச அளவுக் கருவி) காந்தத்துல நிக்க வச்சு, ஊசிய பிளேட்டோட நடு ஓட்டைல வச்சு, கிராங்க மெதுவா ஒரு சுத்து சுத்தச் சொன்னாரு. ஊசி போய்ட்டு வந்த தூரம் அரை மில்லிக்கு மேல. பொதுவா 5 தௌவுக்குள்ள (இஞ்ச்ல ஆயிரத்துல அஞ்சு பங்கு), அதாவது 0.13 மில்லிக்குள்ள இருக்கணும். அப்ப என்ன நடக்குதுன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் கிராங்கும் ஒரே கோட்டுல இல்ல, ஒவ்வொரு சுத்துக்கும் ஷாஃப்ட்ட வளைச்சு வளைச்சு விடுது, முன் பேரிங்கு அதனாலதான் அழுவுது. பேரிங்க கைல சுத்துனா மணல் இருக்கற மாதிரி கரகரன்னுச்சு. இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா கியர்பாக்சே போயிருக்கும்.

லேத்து கடை கடைஞ்சது தப்பா, நான் அளந்து குடுத்தது தப்பான்னு கேட்டா, நான் காயிதத்துல ஓட்டைங்கள தடவி எடுத்த அச்ச குடுத்தேன், அதுல எப்படி சரியா வரும். மாமா சொன்ன வழி: பிளேட்டுல டவல் பின் (பிளேட்ட நகராம புடிக்கற ஆணி) ஓட்டைய மொதல்ல போடாத. பிளேட்ட இஞ்சின்ல தளர்வா மாட்டி, டயல் கேஜ் வச்சு தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டாந்து, போல்ட்ட எறுக்கி, அதுக்கு அப்பறம் டவல் ஓட்டைய போடு. ஒரு முழு ஞாயித்துக்கெழம ஆச்சு. மாமா சின்ன செம்புச் சுத்தியால தட்டுவாரு, நான் கிராங்க சுத்துவேன், ஊசிய பாப்போம், மறுபடி தட்டுவாரு. சாயங்காலம் 0.06ல நின்னுச்சு. புது பேரிங். அழுகுரல் இல்ல.

மாமாவுக்கு எழுவத்தாறு வயசு. முட்டி வலி. தரைல சாக்கு விரிச்சு மூணு மணி நேரம் படுத்திருந்தாரு. கைல காசு வச்சேன், வாங்கல, "அந்த பழைய இஞ்சின தூக்கிப் போட்றாத" அப்டின்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

20 ஆகஸ்ட் 2023

பேப்பர் வேலைய பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க. இஞ்சின் மாத்துனா கிராண்ட்ல (காடிப் பதிவுப் பத்திரம்) இஞ்சின் நம்பரும் சிசியும் மாறணும், இல்லன்னா விபத்து கிபத்து ஆனா இன்சூரன்ஸ் கேள்வி கேக்கும். இஞ்சின் வாங்குன ரசீது, கஸ்டம்ஸ் பேப்பர், புஸ்பாகோம் நெலையத்துல காடி சோதனை, அப்பறம் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா). பொத்தோங் கடைல வெல பேசறதுக்கு முன்னால பேப்பர் இருக்கான்னு கேளுங்க, பேப்பர் இல்லாத இஞ்சின் எவ்ளோ மலிவா இருந்தாலும் வேணாம். நான் ஒண்ணு கவனிக்காம விட்டேன், நான் அடிச்ச ஒரு பிராக்கெட் இஞ்சின் நம்பர் மேலயே உக்காந்துருச்சு. சோதனைக்குப் போறதுக்கு மொத நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாக்கறப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு மணிக்கு உக்காந்து அறுத்து வேற மாதிரி வளைச்சேன். ரோட் டேக்ஸ் 90 வெள்ளி. முன்ன 1098க்கு 55 கட்டுனேன்.

10 செப்டம்பர் 2023

தைப்பிங் அண்ணன் திரும்ப எழுதியிருக்காரு: "ஓடுது, சரி. இப்ப சொல்லுங்க, இது மோரிஸா?"

பிப்ரவரில கேட்டிருந்தா உடனே ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்ப ஏழு மாசம் அதோட கெடந்த பிறகு கொஞ்சம் வேற மாதிரி தோணுது. 'வராமப் போன இஞ்சின கொண்டாறேன்'னு எழுதுனேன்ல, அத இவ்ளோ அடிச்சுப் பேசியிருக்கக் கூடாது. இசிகோனிஸ் நெனச்சது சைடு வால்வு ஃபிளாட் ஃபோர், சின்னது. என்கிட்ட இருக்கறது ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 1966ல சுபாரு 1000க்குன்னு ஆரம்பிச்ச குடும்பம், அது 977 சிசி, அதே 60 மில்லி ஸ்ட்ரோக். அத பெருசாக்கிப் பெருசாக்கி வந்ததுதான் 1595. யுத்த காலத்துல விமானம் செஞ்ச நாகாஜிமா கம்பெனிலேருந்து வந்த ஆளுங்களோட வேலை. ரெண்டு பேரும் ஒரே கேள்விக்கு வேற வேற எடத்துல ஒரே மாதிரி பதில் எழுதியிருக்காங்க, ஆனா ஒருத்தர் பதில் இன்னொருத்தரோடது ஆகாது. என் சேசிஸ் கால் அந்த சுபாருவ உள்ள விட மாட்டேன்னு சொன்னதே அதுக்கு சாட்சி.

அப்ப இது என்ன? ஓட்டறப்ப மூக்கு லேசா இருக்கு, திருப்புனா முன்ன விட சுலபமா திரும்புது. பிஸ்டன் எதிரெதிரா போய்ட்டு வர்றதால நின்னு ஓடறப்ப கியர் குச்சி ஆடறதில்ல. பழைய இஞ்சின்ல கண்ணாடியே நடுங்கும். ஆனா டிரஸ்ஸர் காடி வர்ற சத்தம்னு அம்மாவுக்கு தெரியும், அந்த மைனருக்குன்னு ஒரு விர்ர்ர் இருக்கு, பெடல விட்டா எக்ஸாஸ்ட் பொறுபொறுன்னு வரும். அது போச்சு. அம்மாவ உக்கார வச்சு ஒரு ரவுண்டு போனேன். சீட்டு அதேதான்னு தடவிப் பாத்தாங்க. "சத்தந்தான் வேற யாரோட காடியோ மாதிரி இருக்கு" அப்டின்னாங்க. அது எனக்கு ரெண்டு நாளா மனசுல நிக்கிது.

அதனால பழைய 1098ஐ பிரிச்சிட்டேன். மூணாவது சிலிண்டர்ல ரிங் ஒடஞ்சு கெடந்துச்சு, வால்வும் கருகியிருக்கு. ரீபோர் போட்டு (சிலிண்டர திரும்பக் கடைஞ்சு) கட்டப் போறேன். சேசிஸ் வெட்டாம விட்டது அன்னிக்கு சரியா தப்பான்னு எனக்கு நானே நிறைய தடவ கேட்டுக்கிட்டேன், இப்ப கேக்கறதில்ல.

5 நவம்பர் 2023

தீவாளிக்கு ஒரு வாரம் இருக்கறப்ப பின் ஹாஃப் ஷாஃப்ட் (டிஃப்லேருந்து சக்கரத்துக்குப் போற தண்டு) ஒடஞ்சுது. மைனருக்கு அது பலவீனம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க, நானும் படிச்சிருந்தேன், ஆனாலும் சாலாக் மேட்டுல ரெண்டாவது கியர்ல கொஞ்சம் அழுத்திட்டேன். டக்குனு ஒரு சத்தம், இஞ்சின் மட்டும் கத்துது, காடி நகரல.

குளுவாங் அண்ணன் கேட்டாருல்ல, ஒடஞ்ச துண்ட எப்படி எடுக்கறதுன்னு. உள்பக்கத் துண்டு டிஃப்ல மாட்டிக்கிச்சுன்னா வெளியேருந்து இழுக்க வராது. ரெண்டு பக்கமும் டிரம்ம கழட்டி ஷாஃப்ட்ட உருவுங்க, ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்ட கழட்டுங்க, டிஃப் முன்பக்கமா வெளிய வந்துரும், மேசை மேல வச்சு துண்ட தட்டி எடுங்க. உருவுறதுக்கு முன்னால எண்ணெய வடிங்க, பிரேக் ஷூல பட்டா கெட்டுப்போயிரும். இரும்புத் தூள் டிஃப் வீட்டுக்குள்ள நிறைய இருக்கும், மண்ணெண்ணெயில ரெண்டு தடவ அலசுங்க. எனக்கு ரெண்டாவது அலசல்லயும் காந்தத்துல ஊசி ஊசியா வந்துச்சு, மூணாவது தடவதான் சுத்தம்.

ஷாஃப்ட் தைப்பிங்லேருந்து வந்துச்சு, அந்த அண்ணன்தான் ஒண்ணு வச்சிருந்தாரு. பஸ்ஸுல சாக்குல சுத்திக் குடுத்து விட்டாரு. இப்ப 4.22 டிஃப் இருக்கு, 1098க்கு வந்த ரேஷியோ, இந்த இஞ்சினுக்கு ரொம்ப கட்டை, அஞ்சாவது கியர்ல கூட இஞ்சின் தேவைக்கு மேல சுத்துது. மோரிஸ் டிஃப் வீட்டுக்குள்ள நீளமான ரேஷியோ போட்டு யாராச்சும் ஓட்டிருந்தா எழுதுங்க. 1098 கட்டற வேலை ரிங்குக்காக நிக்கிது, தைமாசத்துக்குள்ள வந்துரும்னு சொல்லியிருக்காங்க.